ஆடும் கிளீட், ஒழுகும் போல்ட்: பாய்மரப் படகின் டெக் ஃபிட்டிங் பழுதுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு வைத்திருக்கும் யாருக்கும் இது நடக்கும். கயிறு கட்டும் கிளீட் ஒன்று லேசாக ஆடத் தொடங்கும். ஓரக் கயிற்றைத் தாங்கும் கம்பிக்காலான ஸ்டான்ஷனின் அடியில் துரு வழியும். இல்லையென்றால் மழை பெய்த மறுநாள் கேபினுக்குள் மெத்தை நனைந்து கிடக்கும். இவற்றில் பெரும்பாலானவை ஒரு டிரில், இரண்டு ஸ்பேனர், கொஞ்சம் எபாக்சி (ஹார்ட்னர் கலந்தால் இறுகும் ரெசின்) வைத்து நாமே முடிக்கக்கூடிய வேலைகள். ஆனால் பழுது, டெக் எனப்படும் மேல்தளத்தில் பொருத்திய அந்த ஃபிட்டிங்கில் இருப்பது அபூர்வம். அதன் போல்ட் இறங்கும் துளையில்தான் இருக்கும். கீழே உள்ள பதில்களில் பாதி அந்தத் துளையைப் பற்றியவைதான். 6 முதல் 10 மீட்டர் நீளமுள்ள படகுகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கிளப்புகளில் ஓடும் லேசர், ஆப்டிமிஸ்ட் என்ற சிறு படகுகளுக்குத் தனியாகக் கேள்விகள் உண்டு.

கிளீட் லேசாகத்தான் ஆடுகிறது. நட்டை இறுக்கிவிட்டால் போதாதா?

ஆட்டம் நிற்கும், ஒழுக்கு நிற்காது. ஃபிட்டிங் ஒருமுறை அசைந்துவிட்டால் அடியில் தண்ணீர் புகாமல் அடைத்திருக்கும் சீலன்ட் டெக்கை விட்டுப் பிரிந்துவிட்டது என்று பொருள். பிரிந்த சீலன்ட் மேலே இறுக்குவதால் மறுபடி ஒட்டாது. நட்டை இறுக்கினால் கண்ணுக்குத் தெரியும் அறிகுறி மறைகிறது, தண்ணீர் போகும் வழி அப்படியே திறந்திருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. டெக்கின் உட்பகுதி ஏற்கெனவே ஊறிப்போயிருந்தால், இறுக்க இறுக்க அது நசுங்கிக்கொண்டே போகும். ஒரு மாதம் கழித்து அதே நட்டு மறுபடி தளர்ந்திருக்கும். இறுக்கியும் திரும்பத் திரும்பத் தளரும் நட்டு, கோர் கெட்டுவிட்டது என்பதற்கு நல்ல சாட்சி.

கோர் என்கிறீர்களே, அது என்ன? அதற்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும்?

பெரும்பாலான ஃபைபர் படகுகளின் டெக் ஒரே கட்டியான ஃபைபர் அல்ல. மேலே ஒரு மெல்லிய ஃபைபர் தோல், கீழே ஒன்று, நடுவில் எடை குறைந்த ஒரு பொருள். அதுதான் கோர். அது பால்சா மரமாகவோ, பிவிசி நுரையாகவோ, சில படகுகளில் பிளைவுட்டாகவோ இருக்கும். இரண்டு தோல்களுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால்தான் டெக் எடை குறைவாகவும் விறைப்பாகவும் இருக்கிறது.

பால்சா துண்டுகளை அதன் இழைகள் மேலிருந்து கீழாக நிற்கும்படி வைப்பார்கள். அழுத்தத்தைத் தாங்க அது மிக நல்ல அமைப்பு. ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு ஈரம் மெதுவாகத்தான் பரவும். ஆனால் துண்டுகளுக்கு நடுவே ரெசின் நிரம்பாத வெட்டுக்கோடுகள் இருக்கும். தண்ணீர் அவற்றைப் பிடித்துக்கொண்டு துளையிலிருந்து வெகுதூரம் போய்விடும். போன தண்ணீர் வெளியே வர வழியில்லை, மேலும் கீழும் ஃபைபர் மூடியிருக்கிறது. மரம் ஊறும், பிறகு அழுகும், கடைசியில் தோல் அதைவிட்டுப் பிரியும். அப்போது டெக்கில் கால் வைத்தால் அமுங்கும். நுரை கோர் அழுகாது. ஆனால் ஊறும், தோலிலிருந்து பிரியவும் செய்யும். ஒரு 6 மி.மீ. போல்ட் துளையைக் கவனிக்காமல் விட்டால் டெக்கில் ஒரு சதுர மீட்டரை வெட்டியெடுத்து மாற்றும் நிலை வரும். இந்தச் சின்ன வேலையை நான் இவ்வளவு வலியுறுத்துவது அதனால்தான்.

கோர் நனைந்திருக்கிறதா என்று ஃபிட்டிங்கைக் கழற்றாமல் தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் டெக்கைத் தட்டிக்கொண்டே வாருங்கள். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல, காதுதான் இங்கே கருவி. நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கூர்மையாகக் கேட்கும், கெட்ட இடத்தில் சத்தம் மங்கி மந்தமாகிவிடும். சத்தம் மாறும் இடங்களைப் பென்சிலால் குறித்தால் எல்லை தெரியும். அடியில் பிளைவுட் துண்டோ தடுப்புச் சுவரோ இருந்தாலும் சத்தம் மாறும், அதை மறந்துவிடக் கூடாது.

ஈரமானியும் உதவும், ஆனால் அடியில் உலோகம் இருந்தால் அது தவறாகக் காட்டும். சந்தேகத்துக்கு இடமில்லாத வழி, ஃபிட்டிங்கைக் கழற்றித் துளைக்குள் ஒரு சின்னக் கொக்கியை விட்டு உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுப்பது. வெளிர் நிறத்தில் உலர்ந்த தூள் வந்தால் தப்பித்தீர்கள். பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று வந்தால் வேலை இருக்கிறது.

கேபினுக்குள் ஒழுகுகிறது. எந்த ஃபிட்டிங் வழியாக என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே தேடாதீர்கள். தண்ணீர் உள்கூரைக்கும் டெக்குக்கும் நடுவில் ஓடி, தாழ்வான இடத்தில்தான் எட்டிப்பார்க்கும்.

ஒரு வெயில் நாளில் உள்பக்கத்தை நன்றாக உலரவிட்டு, ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் டிஷ்யூ பேப்பரை ஒட்டிவையுங்கள். மேலே ஒருவர் ஹோஸ் பிடித்து, டெக்கின் தாழ்வான பகுதியிலிருந்து தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஃபிட்டிங்கை மட்டும் சில நிமிடங்கள் நனைக்க வேண்டும். கீழே இருப்பவர் பேப்பரைப் பார்க்க வேண்டும். மேலிருந்து கீழாகப் போனால் எல்லாமே ஒன்றாக நனைந்து ஒன்றும் புரியாது. அப்படியும் பிடிபடாவிட்டால், கதவு ஜன்னலை டேப் போட்டு மூடி, ஒரு புளோயரால் கேபினுக்குள் லேசாகக் காற்றை ஏற்றி, வெளியே ஃபிட்டிங்குகளைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழ் வருகிற இடம்தான் ஓட்டை.

சுற்றிலும் சிலிகான் தடவிவிட்டால் நின்றுவிடாதா?

கொஞ்ச நாள் நிற்பதுபோல் தெரியும். ஓரத்தில் தடவிய சீலன்ட்டுக்குப் பிடிமானம் மேற்பரப்பு மட்டும்தான். ஃபிட்டிங் ஒருமுறை இழுபட்டதும் அது பிரிந்துவிடும். ஒரு பக்கம் பிரிந்து மறுபக்கம் ஒட்டியிருந்தால் உள்ளே போன தண்ணீர் தேங்கவும் செய்யும்.

சிலிகானுக்கு இன்னொரு கெட்ட குணம்: அது பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்டோ எபாக்சியோ, ஃபைபரின் பளபளப்பான மேற்பூச்சான ஜெல்கோட்டோ ஒட்டாது. அதன் எண்ணெய்ப் படலம் அசிட்டோன் போட்டுத் துடைத்தாலும் முழுதாகப் போகாது, மணல்தாள் போட்டுத் தேய்த்தே எடுக்க வேண்டியிருக்கும். டெக் ஃபிட்டிங்குக்கு அருகில் சிலிகான் டியூபையே கொண்டுவராதீர்கள் என்பது என் கருத்து.

ஃபிட்டிங் கழல மறுக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில், இதற்கு இரண்டு பேர் வேண்டும். கீழே ஒருவர் நட்டைக் கழற்ற, மேலே ஒருவர் போல்ட்டின் தலை சுற்றாமல் பிடித்துக்கொள்ள. தனியாகச் செய்ய வேண்டுமென்றால் கீழே நட்டில் பூட்டுப் பிளையரை மாட்டி, அது எதிலாவது முட்டி நிற்கும்படி வைக்கலாம்.

நட்டு இறுகியிருந்தால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். ஸ்டெயின்லெஸ் நட்டு ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் பாதி வந்து திடீரென்று இறுகினால் பலம் காட்ட வேண்டாம். இரண்டு மரைகளும் ஒன்றோடொன்று உராய்ந்து பற்றிக்கொண்டுவிட்டன, இனி முறிப்பதுதான் வழி. போல்ட் மலிவு, டெக் மலிவல்ல.

பழைய சீலன்ட் பசைபோல் பிடித்திருந்தால் நெம்பாதீர்கள். நெம்பினால் ஜெல்கோட்டும் சேர்ந்து பெயர்ந்து வரும். மெல்லிய பட்டிக் கத்தியையோ கிதார் கம்பியையோ அடியில் விட்டு அறுத்துக்கொண்டே போங்கள். ஹீட் கன் பயன்படுத்தினால் கை வைக்கக்கூடிய சூட்டைத் தாண்ட வேண்டாம்.

துளையை எப்படிச் சரிசெய்வது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

நோக்கம் இதுதான்: போல்ட்டுக்கும் கோருக்கும் நடுவில் ஒரு எபாக்சிச் சுவர் எழுப்ப வேண்டும். நாளைக்கே சீலன்ட் தோற்றாலும் தண்ணீர் கேபினுக்குள் சொட்டுமே தவிர, கோருக்குள் போகக் கூடாது. கேபினில் சொட்டும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், உடனே கவனிப்போம். கோருக்குள் போகும் தண்ணீர் பல வருடம் தெரியாது.

ஃபிட்டிங்கைக் கழற்றியதும் பழைய சீலன்ட்டைச் சுத்தமாகச் சுரண்டி, அசிட்டோனால் துடையுங்கள். 6 மி.மீ. போல்ட் என்றால் மேல்தோலையும் கோரையும் 12 மி.மீ. டிரில்லால் அகலப்படுத்துங்கள். கீழ்த்தோலை அப்படியே விட்டுவிட்டால் அதன் பலம் குறையாது. ஆழம் தெரிய டிரில்லில் ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். மேல்தோலை அகலப்படுத்த மனமில்லை என்றால் வேறு வழி உண்டு. ஒரு ஆணியை ‘ட’ வடிவில் வளைத்து டிரில்லில் மாட்டி, பழைய துளை வழியாகவே உள்ளே விட்டு மெதுவாகச் சுற்றினால், இரண்டு தோல்களுக்கும் நடுவில் இருக்கும் கோர் மட்டும் அரைபட்டு வரும். வேக்குவம் வைத்து உறிஞ்சி எடுங்கள். இந்த இரண்டாவது முறை எனக்கு அதிகம் பிடிக்கும். உள்ளே எபாக்சி அகலமாகப் பரவி நிற்கும், மேலே துளை சிறியதாகவே இருக்கும்.

பிறகு கீழ்ப்பக்கத் துளையை நல்ல டேப்பால் அடையுங்கள். எபாக்சி ஒழுகினால் கேபினில் எங்கே விழும் என்று பார்த்து அங்கே ஒரு பிளாஸ்டிக் தாள் விரித்துவிடுங்கள். முதலில் எதுவும் கலக்காத எபாக்சியை ஊசிக்குழலால் துளைக்குள் நிரப்பிச் சில நிமிடங்கள் விடுங்கள். உலர்ந்த கோர் அதைக் குடிக்கும். மிச்சத்தை அதே ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்து, அதில் சிலிகா தூள் போன்ற கெட்டிப்படுத்தும் தூளைக் கலந்து, பற்பசைப் பதத்துக்கு வந்ததும் திரும்ப நிரப்புங்கள். தூள் கலக்காமல் விட்டால் எபாக்சி கோருக்குள் இறங்கிக்கொண்டே போய், மேலே பள்ளம் விழும். காற்றுக் குமிழ் போக ஒரு குச்சியால் குத்திவிடுங்கள். கொஞ்சம் மேலெழும்பி நிற்கும்படி நிரப்பினால் பிறகு தேய்த்துச் சமன்செய்யலாம்.

நன்றாக இறுகிய பிறகு, நடுவில் 6 மி.மீ. துளை போடுங்கள். ஃபிட்டிங்கையே அச்சாக வைத்து மையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கண்ணளவை நம்ப வேண்டாம். கடைசியாக, துளையின் மேல்விளிம்பைக் கவுண்டர்சிங்க் பிட்டால் லேசாகச் சரித்துவிடுங்கள். அந்தச் சரிவில் சீலன்ட் சேர்ந்து போல்ட்டின் கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாக நிற்கும். பத்து வினாடி வேலைதான், ஒழுக்கைத் தடுப்பதில் பாதிப் பங்கு அதற்குத்தான்.

கோர் ஈரமாக இருந்தால்? ஊசியால் எபாக்சி ஏற்றினால் தண்ணீரைத் தள்ளிவிடுமா?

தள்ளாது. ஈர மரத்தில் எபாக்சி ஊறாது, ஒட்டவும் ஒட்டாது. தண்ணீரை உள்ளேயே வைத்துப் பூட்டியதுதான் மிச்சமாக இருக்கும்.

துளையைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குள்தான் ஈரம் என்றால், வளைத்த ஆணியால் கெட்டுப்போன பகுதி முழுவதையும் அரைத்து எடுத்துவிட்டு, மஞ்சள் பல்பு விளக்கோ சூடான காற்றோ வைத்து நாள்கணக்கில் உலர்த்துங்கள். மழைக்கு மேலே ஒரு கூடாரம் வேண்டும். உலர்ந்த பிறகு முன்சொன்னபடி நிரப்பலாம். அதைவிடப் பெரிய பரப்பு என்றால் மேல்தோலை வெட்டித் திறந்து, கோரை மாற்றி, மறுபடி ஃபைபர் போட வேண்டும். அப்போது பழைய தோலின் விளிம்பைத் தடிமனைப்போல் 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்த்துக்கொள்வது வழக்கம். 3 மி.மீ. தோல் என்றால் 36 மி.மீ. சரிவு. அது சின்னப் பழுது அல்ல, ஆனால் பொறுமை உள்ளவர்களால் செய்ய முடியும்.

எபாக்சிதான் வேண்டுமா? பாலியெஸ்டர் ரெசின் எளிதாகக் கிடைக்கிறதே.

நம் கடற்கரையில் ஃபைபர் மீன்பிடிப் படகுகளைப் பழுதுபார்ப்பவர்கள் பாலியெஸ்டர் ரெசினும் மேட் எனப்படும் கண்ணாடியிழை விரிப்பும்தான் பயன்படுத்துகிறார்கள். படகின் உடம்பில் விழுந்த ஓட்டைக்கு அது சரி, அந்தக் கைகளுக்கு நல்ல அனுபவமும் உண்டு. போல்ட் துளையை அடைப்பதற்கு மட்டும் எபாக்சியைக் கேளுங்கள். பாலியெஸ்டர் இறுகும்போது அதிகம் சுருங்கும், மரத்தோடு பிடிமானமும் குறைவு. சுருங்கிய இடத்தில் மயிரிழை இடைவெளி வந்தால் தண்ணீருக்கு அது போதும்.

ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சியும் வேண்டாம். ஈரத்தில் நீடித்து நிற்கும் குணம் அதற்குக் குறைவு.

நம் ஊர் வெயிலைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் எபாக்சி இறுகும் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஐரோப்பாவில் எழுதப்பட்ட குறிப்பில் அரை மணி நேரம் என்று இருந்தால், சித்திரை மாதத்தில் உங்களுக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது. மெதுவாக இறுகும் ஹார்ட்னரை வாங்குங்கள், காலையிலோ மாலையிலோ வேலை செய்யுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அகலமான தட்டில் பரப்பிவையுங்கள். குவளையில் மொத்தமாக வைத்தால் தன் சூட்டிலேயே புகைய ஆரம்பிக்கும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டுவது பெரிய தவறு: எபாக்சியில் விகிதம் மாறினால் அது ஒருபோதும் முழுதாக இறுகாது. கையுறை கட்டாயம். எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு அந்த வேலையையே விட வேண்டியிருக்கும்.

எந்தச் சீலன்ட் நல்லது?

ஒரே பதில் கிடையாது. ஆனால் போல்ட் போட்டு இறுக்கும் சாதாரண டெக் ஃபிட்டிங்குக்கு என் முதல் தேர்வு பியூட்டைல் டேப். சுருளாக வரும், களிமண் மாதிரி மென்மையாக இருக்கும், எப்போதும் இறுகாது. அதனால் ஃபிட்டிங் லேசாக அசைந்தாலும் அதுவும் கூடவே அசையும். நாளைக்குக் கழற்ற வேண்டும் என்றாலும் சுலபமாக வரும். டியூபில் இறுகி வீணாகும் கவலையும் இல்லை. டீசல், பெட்ரோல் பட்டால் கரையும் என்பதால் எரிபொருள் நிரப்பும் மூடிக்கு மட்டும் வேண்டாம். நீர்மட்டத்துக்குக் கீழேயும் வேண்டாம்.

அடுத்தது பாலிசல்ஃபைடு. ரப்பர்போல் இறுகும், எரிபொருளைத் தாங்கும், தேக்குக்கு மிக நல்லது. ஆனால் அக்ரிலிக், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்கை அரித்துவிடும். ஜன்னல் கண்ணாடிக்கும் பிளாஸ்டிக் ஹேட்ச்சுக்கும் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

பாலியூரித்தேன் வகையில் மிதமானவையும் உண்டு, மிகக் கடுமையானவையும் உண்டு. சிகாஃப்ளெக்ஸ் 291 போன்ற மிதமானவை டெக்குக்குப் பொருந்தும். 3எம் 5200 போன்றவை உண்மையில் பசைகள். இனி கழற்றவே போவதில்லை என்ற இடத்துக்கு மட்டும்தான். கிளீட்டை அதில் உட்காரவைத்தால் அடுத்த முறை கிளீட்டோடு டெக்கின் ஒரு துண்டும் வரும்.

போல்ட்டை எப்படி இறுக்க வேண்டும்?

மேலே போல்ட்டின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, கீழே நட்டை மட்டும் சுற்றுங்கள். போல்ட்டைச் சுற்றினால் அதன் கழுத்தைச் சுற்றி நீங்கள் அழகாக வைத்த சீலன்ட் பிய்ந்துவிடும்.

பியூட்டைல் என்றால் ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். சுற்றிலும் கொஞ்சம் பிதுங்கி வரும்வரை இறுக்கிவிட்டு, மறுநாள் இன்னும் கால் சுற்று, அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். வெயில் பட்ட மதிய நேரத்தில் அது நன்றாக இளகும். பிதுங்கியதைப் பிளாஸ்டிக் பட்டையால் வெட்டி எடுத்துவிடலாம். மற்றச் சீலன்ட்டுகளில் எல்லாவற்றையும் முதலிலேயே பிழிந்துவிடாமல், ஒரு மெல்லிய படலம் அடியில் நிற்கும்படி இறுக்க வேண்டும்.

டெக்கின் அடியில் வைக்கும் பின்தகடு அவசியமா? பெரிய வாஷர் போதாதா?

கொடியேற்றும் கயிற்றுக்கான குட்டிக் கிளீட்டுக்கு வாஷர் போதும். ஸ்டான்ஷன், நங்கூரக் கயிறு கட்டும் கிளீட், பாதுகாப்புக் கயிற்றின் கொக்கி மாட்டும் பேட்-ஐ இவற்றுக்குப் போதவே போதாது.

ஸ்டான்ஷனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உயரம் 600 மி.மீ., அடித்தட்டில் போல்ட்டுகளுக்கு நடுவே சுமார் 60 மி.மீ. யாராவது தடுமாறி மேல்நுனியில் 50 கிலோ அளவுக்குச் சாய்ந்தால், கீழே போல்ட்டை மேல்நோக்கி இழுக்கும் விசை அதைப்போல் பத்து மடங்கு, அதாவது 500 கிலோ. அந்த விசையை இரண்டு வாஷர்கள் மெல்லிய ஃபைபர் தோலில் எப்படித் தாங்கும்? படகில் ஏறும்போது ஸ்டான்ஷனைப் பிடித்து இழுத்து ஏறாதீர்கள் என்று பழையவர்கள் சொல்வது இதனால்தான்.

6 மி.மீ. தடிமனுள்ள ஜி10 எனப்படும் கண்ணாடியிழை எபாக்சித் தகடு மிகச் சிறந்தது: அரிக்காது, அழுகாது. அலுமினியத் தகடும் நன்றாகவே இருக்கும். பிளைவுட் என்றால் எல்லாப் பக்கமும், போல்ட் துளையின் உட்பக்கமும் சேர்த்து, எபாக்சி பூச வேண்டும். தகடு ஃபிட்டிங்கின் அடித்தட்டைவிடப் பெரியதாக இருக்கட்டும், மூலைகள் உருண்டையாக இருக்கட்டும். டெக்கின் அடிப்பக்கம் சமமாக இல்லாவிட்டால், கெட்டியான எபாக்சியைப் பூசி அதன்மேல் தகட்டை உட்காரவைத்தால் முழுப் பரப்பும் படியும்.

1979-இல் பிரிட்டன் கடற்பகுதியில் நடந்த ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தின் புயலில் 15 மாலுமிகள் இறந்தார்கள். பாதுகாப்புக் கயிறுகளும் அவற்றை மாட்டிய இடங்களும் அறுந்துபோனதைப் பின்னால் வந்த விசாரணை சுட்டிக்காட்டியது. உங்கள் பேட்-ஐக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.

ஸ்டான்ஷன் அடியில் ஜெல்கோட்டில் சிலந்தி வலைபோல் விரிசல். ஆபத்தா?

விரிசல் ஜெல்கோட்டில் மட்டும் இருந்தால் உடனடி ஆபத்து இல்லை. ஆனால் அது எதையோ சொல்கிறது. அடித்தட்டிலிருந்து கதிர்போல் பிரிந்து போனால் ஸ்டான்ஷன் இழுபட்டு டெக் வளைகிறது. வட்டம் வட்டமாக இருந்தால் அங்கே ஏதோ கனமான பொருள் விழுந்திருக்கிறது.

முதலில் காரணத்தைச் சரிசெய்யுங்கள்: பின்தகடு, துளை, கோர். அதன் பிறகுதான் அழகு. விரிசலை அப்படியே பூசி மூட முடியாது, கூர்முனையால் ‘வி’ வடிவில் திறந்து, ஜெல்கோட் பசையை நிரப்பி, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடுங்கள். மெழுகு கலக்காத ஜெல்கோட் காற்றுப் பட்டால் மேலே பிசுபிசுப்பாகவே நிற்கும். இறுகியதும் 400, 800, 1200 எண் மணல்தாள்களால் ஈரமாகத் தேய்த்துப் பளபளப்பாக்கலாம். ஜெல்கோட்டை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

நிரப்பிய எபாக்சியின்மேல் ஜெல்கோட் பூச வேண்டுமென்றால், எபாக்சி முழுதாக இறுகிய பிறகு தண்ணீரால் கழுவித் தேய்த்துவிட்டுப் பூசுங்கள். மேற்பரப்பில் வரும் மெழுகுபோன்ற படலம் தண்ணீரில்தான் போகும். ஃபிட்டிங் மறைத்துவிடும் இடம் என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று வாங்கினேன், துருப்பிடிக்கிறதே?

ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன்மேல் உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம். அந்தப் படலம் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். காற்றுப் புகாத, உப்புத் தண்ணீர் தேங்கிய போல்ட் துளைக்குள் அது கிடைக்காது. அதனால் வெளியே பளபளவென்று இருக்கும் போல்ட், டெக்கின் நடுவில் பாதித் தடிமனாக அரிபட்டிருக்கும். கழற்றிய போல்ட்டில் குழியோ கழுத்துபோன்ற தேய்வோ தெரிந்தால் திரும்பப் போடாதீர்கள்.

வெளியே மேலாக வரும் பழுப்புக் கறை வேறு. அதைத் துடைத்துவிட்டால் போதும். ஃபிட்டிங்கின் அடியிலிருந்து துரு கோடாக வழிந்தால் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும். வாங்கும்போது 316 தரம் கேளுங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் கடல் உப்பை 304-ஐவிட நன்றாகத் தாங்கும். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் திருகு போடும்போது நடுவில் டியூராலாக், டெஃப்-ஜெல் போன்ற தடுப்புப் பசையைத் தடவாவிட்டால், அலுமினியம் வெள்ளைத் தூளாக அரித்து, திருகு உள்ளேயே சிக்கிவிடும்.

கயிற்றைப் பற்களால் கவ்வும் கேம் கிளீட், பிடிக்க மாட்டேன் என்கிறது. மாற்ற வேண்டுமா?

முதலில் நல்ல தண்ணீரால் கழுவிப் பாருங்கள். பெரும்பாலும் உப்பும் மணலும்தான். கழுவியும் பற்கள் திரும்பி வரவில்லை என்றால் உள்ளே ஸ்பிரிங் போயிருக்கும், பற்கள் மழுங்கியிருந்தால் பல்லை மாற்ற வேண்டும். கயிறு கிளீட்டுக்குக் குறிப்பிட்ட தடிமனைவிட மெல்லியதா என்றும் பாருங்கள்.

எங்கள் கிளப்பில் லேசர் படகின் ஃபிட்டிங் திருகுகள் பிய்ந்துவிட்டன. அடியில் கை போகாதே?

லேசர் உடம்பு மேலும் கீழும் ஒட்டி மூடிய ஒரு காற்றுப் பெட்டி. 2019 முதல் அதன் அதிகாரப்பூர்வப் பெயர் ஐஎல்சிஏ. சென்னையின் நேத்ரா குமணன் இந்தியப் பெண்களில் முதலாவதாக ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதிபெற்றதும் இதன் ரேடியல் வகையில்தான். இதில் ஃபிட்டிங்குகள் திருகுகளால் பொருத்தப்பட்டிருக்கும், அடியில் மரத்துண்டு பதித்திருப்பார்கள். மரம் ஊறினால் திருகு பிடிப்பை இழக்கும்.

மரம் நன்றாக இருந்து துளை மட்டும் தேய்ந்திருந்தால், உலர்த்திவிட்டு, கெட்டியான எபாக்சியை நிரப்பி, இறுகிய பிறகு புதிதாகச் சிறு துளை போட்டுத் திருகலாம். பெரிய திருகை மாற்றிப் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அது ஒரு சீசன் தாங்கினால் அதிகம். மரமே போய்விட்டால், அருகில் கழற்றித் திறக்கக்கூடிய ஆய்வு மூடி பதித்து உள்ளே கை விட்டு, பின்தகடும் நட்டும் போட வேண்டும். பந்தயப் படகு என்றால் மூடியின் அளவும் இடமும் அந்தப் படகு வகைக்கான பந்தய விதிக்கு உட்பட்டிருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

கூடவே பாய்மரம் இறங்கும் குழியையும் சோதியுங்கள்: அதில் தண்ணீர் நிரப்பிச் சிறிது நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் இறங்கினால் அடியில் விரிசல் இருக்கிறது, அப்படியே கடலுக்குப் போகக் கூடாது. படகு முழுவதையும் சோதிக்க, வடிகால் துளையில் குழாய் வைத்து வாயால் மட்டும் ஊதி, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கம்ப்ரஸரை வைத்தால் ஒட்டுகளே பிரிந்துவிடும்.

ஆப்டிமிஸ்ட்டுக்கும் இதே முறைதானா?

அதைவிட எளிது. உள்பக்கம் திறந்திருப்பதால் பெரும்பாலான இடங்களில் இரண்டு பக்கமும் கை போகும். குழந்தைகள் ஓட்டும் படகு என்பதால், திருகின் நுனியோ போல்ட்டின் மிச்சமோ நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டித் தேய்த்து, தொப்பி நட்டு போட்டுவிடுங்கள்.

எதை நாமே தொடக் கூடாது?

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் வந்து இணையும் செயின்பிளேட்டில் துருவோ அசைவோ தெரிந்தால் அது சின்னப் பழுது அல்ல. அது போனால் பாய்மரமே விழும். டெக்கோடு அது சேரும் இடத்தின் சீலன்ட்டைப் புதுப்பிப்பது வரை நீங்கள் செய்யலாம். அதற்குமேல் ரிக்கிங் தெரிந்தவரையோ படகுச் சர்வேயரையோ கூப்பிடுங்கள். வளைந்த ஸ்டான்ஷனையும் நிமிர்த்திப் போடாதீர்கள். வளைந்த இடத்தில் உலோகம் பலமிழந்துவிட்டது, புதியது வாங்குங்கள்.

கடலில் இருக்கும்போது ஃபிட்டிங் பிய்ந்து வந்துவிட்டால்?

முதலில் கயிற்றின் இழுவையைக் குறையுங்கள்: பாயைத் தளர்த்துங்கள் அல்லது படகைக் காற்றுக்கு நேராகத் திருப்புங்கள். பிய்ந்த ஃபிட்டிங் இழுபட்ட கயிற்றோடு பறந்து வந்தால் மண்டையை உடைக்கும். கயிற்றை வேறொரு பலமான கிளீட்டுக்கோ வின்ச்சுக்கோ மாற்றுங்கள். துளையைத் துடைத்து ஒரு உருண்டை பியூட்டைலை அழுத்திவையுங்கள், ஈரத்திலும் ஓரளவு பிடிக்கும். கரைக்கு வந்ததும் அதை எடுத்துவிட்டுத் துளையைத் திறந்தே உலரவிடுங்கள்.

பழைய ஃபிட்டிங்கை எடுத்துவிட்டேன். காலித் துளைகளில் சீலன்ட் நிரப்பிவிடலாமா?

கூடாது. போல்ட் இல்லாத துளையில் சீலன்ட்டை அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லை, சீக்கிரம் சுருங்கிக் கழன்றுவிடும். கோரை அரைத்து எடுத்துவிட்டுக் கெட்டி எபாக்சி நிரப்புங்கள். மேல்தோலின் விளிம்பை அகலமாகச் சரித்து, அதில் வட்டமாக வெட்டிய கண்ணாடியிழைத் துணி இரண்டு மூன்றை, சிறியதிலிருந்து பெரியதாக, எபாக்சியில் நனைத்துப் படியவையுங்கள். இறுகியதும் சமமாகத் தேய்த்து டெக்கின் நிறத்தில் பூசிவிட்டால் வேலை முடிந்தது. நாலைந்து துளைகள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யுங்கள். கலக்கிய எபாக்சி மிச்சமாகாது.